14 நாள் மூச்சடக்கிய நெல்: ஒடிசாவின் பள்ளத்து வயல்களில் ஒரு விதை செய்தது என்ன?

நெல் தண்ணீர்ப் பயிர் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்த நெல்லே தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தால் செத்துவிடும் என்பது பள்ளக்கால் வயல் வைத்திருப்பவருக்கு மட்டும்தான் உடம்பில் ஏறிய பாடம். நட்டு முப்பது நாள் ஆகியிருக்கும். பயிர் பச்சை கட்டித் தூர் வெடித்து நிற்கும். ஒரு ராத்திரி மழை பிடித்துக்கொள்ளும். விடிந்து போய்ப் பார்த்தால் வரப்பும் தெரியாது, பயிரும் தெரியாது. மூன்றாம் நாளே வடிந்துவிட்டால் கும்பிட்டுக்கொள்ளலாம். ஐந்து, ஆறு என்று நாள் ஏற ஏற அழுகல் வாடை கிளம்பும். பத்து நாள் கழித்து வடிந்தால் சேற்றோடு ஒட்டிக்கிடக்கும் பழுத்த இலைதான் மிச்சம்.

இப்படிப்பட்ட வயல்களுக்கு வந்த ஒரு விதையைப் பற்றியது இந்த நிகழ்வு ஆய்வு. விதையின் பெயர் ஸ்வர்ணா-சப்1. ஒடிசாவின் பாலேஸ்வர், பத்ரக் மாவட்டங்களில் 128 ஊர்களில் 2011-இல் தொடங்கிய ஒரு கள ஆராய்ச்சிதான் இதன் நடுப்பகுதி. பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே 'தாங்கும் ரகம்' என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எந்தத் தண்ணீரைத் தாங்கும், எத்தனை நாள் தாங்கும், யாருடைய வயலில் தாங்கும் என்று கேட்பதில்லை. இந்த மூன்று கேள்விக்கும் வயலிலேயே போய் விடை தேடிய ஆராய்ச்சிகள் குறைவு. அதில் இது ஒன்று என்பதால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

விதை போய் வந்த பாதை

இந்த விதையின் உயிர்நாடி ஒடிசா விவசாயிகளே தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த ஒரு நாட்டு நெல். தலபுட்டியா என்று அதற்குப் பெயர். அதிலிருந்து பொறுக்கித் தூய்மைப்படுத்திய வரிசைக்கு எஃப்.ஆர்.13ஏ என்று எண் கொடுத்தார்கள். 'எஃப்.ஆர்.' என்பது வெள்ளம் தாங்கும் என்பதன் சுருக்கம். இது நடந்தது 1940-களில். பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1960-இல் தொடங்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பே, இங்கே யாரோ இந்த நெல்லின் அருமையைக் கண்டு பதிவு செய்திருக்கிறார்கள்.

1970-களில் லாஸ் பானோஸில் ஆயிரக்கணக்கான நெல் வகைகளைத் தண்ணீரில் மூழ்கடித்துச் சோதித்தார்கள். பிழைத்தவை வெகுசிலவே. அவற்றில் முன்னே நின்றது எஃப்.ஆர்.13ஏ. அதோடு பிழைத்தவற்றில் இலங்கையிலிருந்து திரட்டப்பட்ட வகைகளும் இருந்தன. குர்கறுப்பன் என்று பதிவாகியிருக்கும் ஒன்றின் பெயரைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிறைந்தது. எந்தக் குளத்தடி வயலில் யார் அதற்கு அந்தப் பெயர் வைத்தார்களோ!

சரி, தாங்கும் நெல் கிடைத்துவிட்டது. பிறகு ஏன் அது விவசாயி கைக்கு வர முப்பது ஆண்டுக்கு மேல் ஆனது? எஃப்.ஆர்.13ஏ நெட்டையானது, சாயும், விளைச்சல் சொற்பம். அதை நல்ல விளைச்சல் ரகத்தோடு ஒட்டினால், அதாவது மகரந்தம் சேர்த்துக் கலந்தால், தாங்கும் குணத்தோடு வேண்டாத குணங்களும் சேர்ந்தே வந்தன. பல ஆண்டுகள் முயன்று சில வரிசைகளை உருவாக்கினார்கள். விவசாயிகள் அவற்றை ஏற்கவில்லை. சோறு பிடிக்காத நெல்லை, வெள்ளம் தாங்குகிறது என்பதற்காக மட்டும் யார் நடுவார்கள்?

திருப்பம் 1990-களில் வந்தது. டேவிட் மெக்கிலும் அவருடைய மாணவர் கெனாங் ஷூவும் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இந்தக் குணத்தின் பெரும்பகுதி ஒரே இடத்தில், நெல்லின் 9-ஆவது நிறப்புரியில் (குரோமோசோமில்) அமைந்திருப்பதை 1996-இல் காட்டினார்கள். அந்த இடத்துக்குத்தான் சப்1 என்று பெயர். பல மரபணுக்கள் சேர்ந்து ஆட்டுவிக்கும் குணம் என்றால் ரகத்துக்குள் கொண்டுவருவது பெரும்பாடு. ஒரே இடத்தில் இருக்கிறது என்றால் அதை மட்டும் கண்காணித்துக்கொண்டே ஒட்டிக்கொண்டு போகலாம். அங்கே இருக்கும் மரபணுக்களில் சப்1ஏ என்பதுதான் வேலை செய்கிறது என்பதை ஷூ, மெக்கில், பமீலா ரொனால்டு, ஜூலியா பெய்லி-செரெஸ் உள்ளிட்டோர் சேர்ந்து 2006-இல் வெளியிட்டார்கள்.

இதற்கிடையில் லாஸ் பானோஸில் ஒட்டுவேலை நடந்துகொண்டிருந்தது. ஸ்வர்ணாவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆந்திராவின் மார்ட்டேரு ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த ரகம் அது. எம்.டி.யூ.7029 என்பது அதன் எண். கிழக்கிந்தியாவின் மழை நம்பிய வயல்களில் லட்சக்கணக்கான ஹெக்டேரில் நின்றது. வசிஷ்டாவையும் மசூரியையும் ஒட்டிப் பிறந்தது. நம் பொன்னியும் அந்த மசூரி வழியில் வந்ததுதான். ஆக, ஒடிசாக்காரர் நட்ட ஸ்வர்ணா நம் பொன்னிக்கு உறவுமுறை.

சப்1 உள்ள நெல்லை ஸ்வர்ணாவோடு ஒட்டி, பிறந்ததில் சப்1 இருக்கும் நாற்றை மரபணு அடையாளத்தை வைத்துப் பொறுக்கி, அதை மறுபடி ஸ்வர்ணாவோடு ஒட்டி, மறுபடி பொறுக்கி, இப்படித் திரும்பத் திரும்பச் செய்தார்கள். கடைசியில் கிடைத்தது கிட்டத்தட்ட முழு ஸ்வர்ணா, கூடவே அந்த ஒரு துண்டு மட்டும். இதில் மரபணுவை வெளியிலிருந்து செலுத்தும் வேலை எதுவும் கிடையாது. நெல்லை நெல்லோடு ஒட்டிய பழைய முறைதான். எந்த நாற்றை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்ற தேர்வில்தான் புதுக் கருவி புகுந்தது. மரபணு மாற்றுப் பயிர் என்றாலே பதறும் நண்பர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

2009-இல் இந்தியாவில் ஸ்வர்ணா-சப்1 வெளியானது. ஒடிசாவிலிருந்து கிளம்பிய குணம், பிலிப்பைன்ஸும் கலிஃபோர்னியாவும் சுற்றி, அறுபது ஆண்டுக்கு மேல் கழித்து ஒடிசா வயலுக்கே திரும்பியது.

ஒரு சின்ன வித்தியாசம் மட்டும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஸ்வர்ணாவின் உமி பொன்னிறம். பெயரே அதனால் வந்ததாயிருக்க வேண்டும். ஸ்வர்ணா-சப்1-இன் உமி வைக்கோல் நிறம். சப்1-க்குப் பக்கத்திலேயே உமியின் நிறத்தை அடக்கும் மரபணு உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் பிரிக்க முடியவில்லை. ஆய்வுக்கூடத்தில் இது சின்ன விஷயம். ஆனால் நிறம் பார்த்து விலை பேசும் நெல் வியாபாரியிடம் அப்படி இல்லை.

தண்ணீருக்குள் நடப்பது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பின்னால் வரும் எல்லாமே இதில்தான் நிற்கிறது.

காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் வாயுக்கள் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். பயிர் மூழ்கியதும் மூச்சு முட்டுகிறது. கலங்கல் தண்ணீர் என்றால் வெளிச்சமும் இல்லை, உணவு தயாரிக்கவும் வழியில்லை. செடிக்குள் இயல்பாகவே சுரக்கும் எத்திலீன் வாயு வெளியேற முடியாமல் உள்ளேயே தேங்குகிறது. எத்திலீன் கூடுவதுதான் 'நான் மூழ்கிவிட்டேன்' என்று செடிக்குக் கிடைக்கும் செய்தி.

சாதாரண ஸ்வர்ணா அந்தச் செய்தியைக் கேட்டதும் தலையை வெளியே நீட்டப் பார்க்கும். வளர்ச்சியைத் தூண்டும் ஜிப்ரெலின் என்ற இயக்குநீர் வேலையைத் தொடங்கும், தண்டும் இலையும் நீளும். வெளிறிய, நூல் போன்ற வளர்ச்சி. அதற்குத் தண்டில் சேர்த்துவைத்த சர்க்கரையும் மாவுச்சத்தும் கரையும். தண்ணீர் ஓரடி என்றால் தலை வெளியே வந்துவிடும், பிழைக்கும். மூன்றடி நின்றால் எட்டாது. ஒரு வாரத்தில் கையிருப்பு தீர்ந்துவிடும். தண்ணீர் வடியும்போது நிமிர்ந்து நிற்கக்கூடத் தெம்பிருக்காது, மடிந்து விழும்.

சப்1ஏ உள்ள பயிர் அதே செய்தியைக் கேட்டுவிட்டு அடங்கிவிடுகிறது. அந்த மரபணு ஜிப்ரெலினின் பேச்சு எடுபடாமல் செய்யும். வளர்ச்சி நின்றுபோகும், இருப்பு அப்படியே கிடக்கும். முக்குளிப்பவர் கையைக் காலை ஆட்டாமல் மூச்சை அடக்குவதைப் போலத்தான். இரண்டு வாரம் வரை அப்படிக் கிடக்கும். தண்ணீர் வடிந்ததும் மிச்சமிருக்கும் சத்தைக் கொண்டு புதுத் தூர் விடும்.

இதற்கு நேர்மாறான வழியும் நெல்லுக்குத் தெரியும். ஆழ்நீர் நெல் என்று ஒரு வகை உண்டு. வங்கதேசத்திலும் தாய்லாந்திலும் பல அடித் தண்ணீரில் நிற்கும், வெள்ளம் ஏற ஏற ஒரு நாளைக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் வரை வளரும். ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2009-இல் அதற்கான மரபணுக்களைக் கண்டுபிடித்து ஸ்னார்க்கல் என்று பெயரிட்டார்கள். சப்1ஏ எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததோ அதே குடும்பம். அதே எத்திலீன் செய்தியைக் கேட்டு ஒன்று 'எழுந்து ஓடு' என்கிறது, மற்றது 'அசையாமல் இரு' என்கிறது. மாதக்கணக்கில் நிற்கும் ஆழமான வெள்ளத்துக்கு முதல் வழிதான் சரி. வந்து பத்துப் பன்னிரண்டு நாளில் வடியும் திடீர் வெள்ளத்துக்கு இரண்டாவது.

இந்தியாவில் நெல் சாகுபடிப் பரப்பில் ஏறத்தாழ 30 சதவீதம் வெள்ளத்தால் பாதிக்கப்படக்கூடியது. புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ராக்ஸி மேத்யூ கோல் குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, மத்திய இந்தியாவில் பரவலாகக் கொட்டும் மிகக் கனமழை நிகழ்வுகள் 1950 முதல் 2015 வரையிலான காலத்தில் மூன்று மடங்காகியிருப்பதைக் காட்டியது. அந்தப் பட்டையில் ஒடிசாவும் வருகிறது. காற்று 1 டிகிரி கூடுதலாகச் சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும். தாங்கியதை ஒரே மூச்சில் கொட்டும். 'அடங்கிக் கிடக்கும்' நெல்லுக்கான தேவை கூடிக்கொண்டே போவது இதனால்தான்.

128 ஊர்கள்

ஒரு ரகம் ஆராய்ச்சிப் பண்ணையில் ஜெயிப்பது வேறு, விவசாயியின் வயலில் ஜெயிப்பது வேறு. பண்ணையில் தொட்டி கட்டி, தெளிந்த தண்ணீரில், எண்ணிவைத்த நாளுக்கு மூழ்கடிப்பார்கள். வயலில் வருவது சேறும் குப்பையும் கலந்த ஆற்றுத் தண்ணீர்.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பொருளாதார ஆய்வாளர்கள் ஆலன் ட ஜான்வ்ரி, எலிசபெத் சதூலே, கைல் எமெரிக் ஆகியோரும், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் மன்சூர் தாரும் சேர்ந்து இதை வயலிலேயே சோதித்தார்கள். 128 ஊர்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதியைத் தேர்ந்தார்கள். தேர்வான ஊர்களில் சில விவசாயிகளுக்கு மட்டும், அதையும் குலுக்கலிலேயே முடிவு செய்து, சிறு பைகளில் ஸ்வர்ணா-சப்1 விதை கொடுத்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் செய்தார்கள்.

குலுக்கல் ஏன் என்று கேட்கலாம். புது விதையை முதலில் வாங்குபவர் பெரும்பாலும் கையில் காசும் நல்ல நிலமும் உள்ளவராக இருப்பார். அவருடைய விளைச்சல் கூடினால் அது விதையாலா, நிலத்தாலா என்று பிரிக்க முடியாது. குலுக்கலில் கொடுத்தால் அந்தச் சிக்கல் இல்லை.

2011 செப்டம்பரில் ஒடிசாவின் ஆறுகள் பொங்கின. ஆராய்ச்சிக்கென்று யாரும் வெள்ளத்தைக் கொண்டுவர முடியாது, ஆனால் அந்த ஆண்டு வந்தது. முடிவுகள் 2013-இல் வெளியாயின. 7 முதல் 14 நாள் வரை மூழ்கிய வயல்களில் ஸ்வர்ணா-சப்1 தெளிவாக மேலே நின்றது. 10 நாள் மூழ்கிய வயலில் ஸ்வர்ணாவைவிட ஏறத்தாழ 45 சதவீதம் கூடுதல் விளைச்சல். மூழ்காத வயலில் எந்த இழப்பும் இல்லை.

அந்தக் கடைசி வரிதான் விவசாயிக்கு முக்கியம். வெள்ளம் எல்லா ஆண்டும் வருவதில்லை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை காப்பாற்றும் ரகம் மற்ற இரண்டு ஆண்டும் ஏக்கருக்கு இரண்டு மூட்டை குறைத்துக் கொடுத்தால் கணக்கு உதைக்கும்.

வயலில் இறங்கி வேலை செய்தவர்கள் இன்னொன்றையும் சொல்வார்கள். தண்ணீர் வடிந்த அன்று சப்1 பயிரும் செத்ததுபோலத்தான் இருக்கும். இலை பழுத்து, சேறு அப்பி, தரையோடு கிடக்கும். பார்த்த மாத்திரத்தில் ஏர் கட்டி உழுதுவிட்டு வேறு விதைக்கலாம் என்றுதான் தோன்றும். சில நாள் பொறுத்திருந்தால் அடிக்குருத்திலிருந்து புது இலை எட்டிப்பார்க்கும். விதைப்பையோடு இந்தப் பொறுமையையும் சொல்லிக்கொடுக்காவிட்டால் விதை கொடுத்தும் பயனில்லை. வடிந்த உடனே வயலில் இறங்கி மிதிக்கக் கூடாது, உடனே யூரியாவை வீசவும் கூடாது. புது இலை வந்த பிறகே உரம்.

வெள்ளம் வராத ஆண்டு

இந்த ஆய்வில் என்னை மிகவும் தொட்ட பகுதி இதுதான். ஆய்வாளர்கள் அடுத்த ஆண்டும் அதே விவசாயிகளிடம் போனார்கள். அந்த ஆண்டு சொல்லிக்கொள்ளும்படி வெள்ளம் இல்லை. வெள்ளம் இல்லையென்றால் சப்1-க்கும் சாதாரண ஸ்வர்ணாவுக்கும் வித்தியாசம் இருக்கக் கூடாது அல்லவா?

இருந்தது. சப்1 விதை கிடைத்தவர்கள் கூடுதல் நிலத்தில் சாகுபடி செய்திருந்தார்கள். உரம் கூடுதலாகப் போட்டிருந்தார்கள். வெறுமனே விதைத் தெளிப்பதை விட்டு, ஆள்கூலி அதிகம் பிடிக்கும் நடவுக்கு மாறியவர்கள் இருந்தார்கள். கடன் வாங்கி முதல் போடவும் துணிந்திருந்தார்கள். விதையால் வந்த மொத்த ஆதாயத்தில் பெரும்பங்கு, விவசாயி தானாக முன்வந்து செய்த இந்தச் செலவுகளிலிருந்து வந்தது என்று 2016-இல் வெளியான கட்டுரை காட்டியது.

இதை நாம் எத்தனை முறை தலைகீழாகப் பேசியிருக்கிறோம்! பள்ளத்து வயல்காரர் சரியாக உரம் போடுவதில்லை, வரிசை நடவு நடுவதில்லை, புது முறைக்கு வருவதில்லை என்று கூட்டங்களில் குறை சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த வயலில் போட்ட காசு ஒரே மழையில் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கையை இறுக்கிப் பிடிக்கிறார். வெள்ளம் வந்த ஆண்டில் பயிரை அடிக்கிறது. வராத ஆண்டில் வந்துவிடுமோ என்ற பயமே விளைச்சலை அடிக்கிறது. பருவநிலை மாற்றத்தின் இழப்பை எத்தனை ஹெக்டேர் மூழ்கியது என்று மட்டும் எண்ணினால் இந்த இரண்டாவது இழப்பு கணக்கிலேயே வராது. நிவாரணப் பட்டியலில் அதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

பள்ளத்து வயல் யாருடையது

ஒரு ஊரில் எந்த நிலம் முதலில் மூழ்கும் என்று கேட்டால் வரைபடம் தேவையில்லை. யாருடைய நிலம் என்று தெரிந்தாலே பாதி விடை கிடைத்துவிடும். 128 ஊர்களிலும் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, தாழ்வான, வெள்ளம் புகும் நிலங்கள் ஒடுக்கப்பட்ட சாதியினர் கையில் அதிகமாக இருந்தன. மேட்டு நிலமும் வாய்க்கால் தலைப்பும் தலைமுறையாக மற்றவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. ஆகவே வெள்ளம் தாங்கும் விதையால் அதிகம் பயன்பெறக் கூடியவர்கள் தலித் விவசாயிகளே என்று ஆய்வு சொன்னது. பசுமைப் புரட்சி விதைகள் பாசனமும் பணமும் உள்ளவர்களிடம்தான் முதலில் பலன் கொடுத்தன. இந்த விதையின் பலன் அதற்கு எதிர்த்திசையில் போகக்கூடியது.

'போகக்கூடியது' என்றுதான் சொல்ல முடிகிறது. விதை அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டுமே! ஒரு ஊரில் ஐந்து பேருக்கு விதை கொடுத்தால் அது கைமாறிக் கைமாறி ஊர் முழுக்கப் பரவிவிடும் என்று நம்புவது வழக்கம். எமெரிக் அதையும் ஒடிசாவிலேயே சோதித்தார். சில ஊர்களில் விதையைச் சிலரிடம் கொடுத்துவிட்டு, தானாகப் பரவட்டும் என்று விட்டார்கள். வேறு சில ஊர்களில் வீடு வீடாகப் போய் விற்றார்கள். வீட்டுக்கே கொண்டுபோனபோது வாங்கியவர்கள் எண்ணிக்கை பல மடங்கு அதிகம். ஆசை எல்லோருக்கும் இருந்திருக்கிறது, கேட்க வழிதான் இல்லை. தானாகப் பரவிய ஊர்களில் விதை பெரும்பாலும் ஒரே சாதி, ஒரே குடும்பப் பெயர் உள்ளவர்களுக்குள் மட்டுமே கைமாறியது.

விதைக்குச் சாதி தெரியாது. அதைக் கொண்டுபோகும் கைக்குத் தெரியும். அதனால் 'முன்னோடி விவசாயி' ஒருவரைப் பிடித்து அவர் வழியாக ஊரைச் சேர்வது என்ற நம் வேளாண் விரிவாக்கப் பணியின் பழக்கத்தை இந்த இடத்தில் மறுபடி யோசிக்க வேண்டும். அந்த முன்னோடி பெரும்பாலும் மேட்டு நிலக்காரராக இருப்பார். சப்1 அவருக்கு அவ்வளவாகத் தேவைப்படாது.

நம் டெல்டாவுக்கு வந்தபோது

காவிரி டெல்டாவில் நீண்டகாலச் சம்பா என்றால் சி.ஆர்.1009-க்கு ஒரு தனி இடம் உண்டு. பொன்மணி என்றும் சாவித்திரி என்றும் சொல்வார்கள். அதுவும் ஒடிசாவின் கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்ததுதான். மோட்டா ரகம், இட்லிக்கு நன்றாயிருக்கும், 155 நாளுக்குமேல் வயது. தண்ணீர் தேங்கும் வயலில் மற்ற ரகங்களைவிடத் தெம்பாக நிற்கும் என்பதால் நாகை, திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் கடைமடைவரை பரவியது. ஸ்வர்ணாவுக்குச் செய்த அதே ஒட்டுவேலையை இதற்கும் செய்து சி.ஆர்.1009 சப்1 வந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதை இங்கே வெளியிட்டது. ஒடிசா விதையின் கதையைத் தமிழில் எழுத எனக்கு இருக்கும் காரணமும் இதுதான்.

ஆனால் ஒடிசாவின் 45 சதவீதத்தை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து இங்கே ஒட்ட முடியாது. அங்கே வெள்ளம் பெரும்பாலும் தென்மேற்குப் பருவத்தில், ஆறு பெருகி வருகிறது. இங்கே வடகிழக்குப் பருவம். அக்டோபர் முதல் ஜனவரிவரை எந்த வாரத்திலும் வரலாம். பயிரின் வயதோடு வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு மழையும் வேறுவேறு வெள்ளம்.

அக்டோபரில், நேரடி விதைப்புச் செய்து நாலைந்து நாளில் மழை கொட்டினால் முளையே தண்ணீருக்குள் அழுகும். சப்1 அதற்கு உதவாது. ஆளும் கிடைக்காமல் தண்ணீரும் நேரத்துக்கு வராமல் டெல்டா முழுக்க நேரடி விதைப்புக்கு மாறிக்கொண்டிருக்கும்போது இந்த ஆபத்தும் கூடிக்கொண்டு போகிறது. தண்ணீருக்கடியிலும் முளைத்து வரும் குணம் மியான்மரின் காவ் லான் ஆன் என்ற நாட்டு நெல்லில் இருக்கிறது. அதன் மரபணுவை 2015-இல் கண்டறிந்தார்கள். அதையும் சப்1-ஐயும் ஒரே ரகத்தில் சேர்க்கும் வேலை நடக்கிறது.

நவம்பரில், தூர்கட்டும் பருவத்தில் வந்தால் அது சப்1-க்கே உரிய வெள்ளம். 2022 நவம்பர் 11-ஆம் தேதி சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியது நினைவிருக்கும். சுற்றுவட்டாரம் முழுக்கச் சம்பா இளம்பயிர் கடல்போல் கிடந்த தண்ணீருக்குள் போனது. இந்த ரகம் பிறந்ததே அப்படிப்பட்ட நாளுக்காகத்தான்.

டிசம்பர் கடைசியில், கதிர் வெளிவராமல் உறைக்குள் இருக்கும் தொண்டைக்கதிரிலோ பூக்கும்போதோ மூழ்கினால் மறுபடி உதவாது. சப்1 காப்பது வளரும் பருவத்துப் பயிரை மட்டும்தான். 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் பெய்த பருவம் தப்பிய மழையில் கதிர் முற்றிய நெல் சாய்ந்து வயலிலேயே முளைத்ததை டெல்டாக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு இந்த மரபணுவில் பதில் இல்லை.

அப்புறம், முழுக்க மூழ்காமல் இடுப்பளவுத் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கும் வயல்கள் இருக்கின்றன. அங்கே அடங்கிக் கிடக்கும் பயிர் தோற்கும். குட்டை ரகத்துக்குத் தலைதூக்க வழி கிடையாது. ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் காட்டுயானமும், பேரிலேயே மடுவை வைத்திருக்கும் மடுமுழுங்கியும் நம் பெரியவர்கள் அந்த வயலுக்கென்று வைத்திருந்தவை. விளைச்சல் குறைவு என்று ஓரங்கட்டினோம். தலபுட்டியாவையும் அப்படித்தான் ஒரு காலத்தில் ஓரங்கட்டியிருப்பார்கள். விதை வங்கியில் ஒரு பிடி இருந்ததால் பிழைத்தது. காட்டுயானத்தை நட்டுக்கொண்டிருக்கும் விவசாயியைப் பழமைவாதி என்று பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த வயலின் தண்ணீருக்கு அவர் சரியான விதையைத்தான் போட்டிருக்கிறார்.

தண்ணீரின் தரமும் இதில் சேரும். கலங்கலாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தால் சப்1 பயிர்கூடச் சீக்கிரம் தளர்ந்துவிடும். வெப்பம் கூடும் காலத்தில் இந்த 14 நாள் என்ற எண்ணிக்கையையே கவனமாகத்தான் சொல்ல வேண்டும். வடிந்த பிறகு செய்யும் வேலையிலும் பாதி இருக்கிறது. ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து வீசச் சொல்வது இங்கே வழக்கமான பரிந்துரை. அதைத் தண்ணீர் வயலில் நிற்கும்போதே வீசினால் உரமும் வடிகாலோடு போய்விடும்.

இந்த 14 நாளுக்குள் தண்ணீர் வடிந்தாக வேண்டும். ஒடிசா ஆய்வின் எண்ணிக்கை முழுவதும் அந்தக் கெடுவுக்குள் அடங்கியது. சீர்காழிப் பக்கத்துத் தண்ணீர் உப்பனாறு வழியாகத் திருமுல்லைவாசலில் கடலுக்குப் போக வேண்டும். கடல் ஏற்றத்தில் இருக்கும் நேரம் தண்ணீர் எதிர்த்து நிற்கும். வழியில் இருக்கும் சின்ன வடிகால்களில் வெங்காயத்தாமரை அடைத்துக்கொண்டிருந்தால் இன்னும் நாலு நாள் கூடும். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட், செப்டம்பரில் எந்த வடிகால் தூர்வாரப்பட்டது, எது விடுபட்டது என்று கடைமடை ஊர்க்காரர்களிடம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகச் சொல்வார்கள். சி.ஆர்.1009 சப்1 விதை மூட்டை வேளாண் விரிவாக்க மையத்துக்கு வந்து இறங்குவதும் அதே மாதங்களில்தான்.